பழைய டிஎல்எஸ்ஸில் நிற்கும் பார்ட்னர்களை நகர்த்துவது எப்படி: அமெரிக்க சுங்க இணைப்பு நடத்துபவர்களுக்கு

தூத்துக்குடியில் ஃபீடர் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கே அமெரிக்கா போகும் தாய்க்கப்பலில் ஏறும் கன்டெய்னருக்கு ஒரு கெடு உண்டு. தாய்க்கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐஎஸ்எஃப் (இறக்குமதியாளர் தரப்பு முன்கூட்டித் தரும் சரக்கு விவரம்) தாக்கல் அமெரிக்க சுங்கத்தின் ஏஸ் என்ற மின்தாக்கல் அமைப்பைப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2009 ஜனவரி 26 முதல் இதுதான் விதி. தவறினால் ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை அபராதம் வரலாம். கஸ்டம்ஸ் புரோக்கரின் சர்வர் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கிக் காக்கும் முறை) 1.0 என்ற பழைய வெர்ஷனைப் பேசியது, நாம் அன்று காலை அதை மூடிவிட்டோம் என்பதெல்லாம் அந்த அபராதக் கடிதத்தில் எடுபடாது. அதனால்தான் இது சர்வரில் ஒரு வரியை மாற்றும் வேலையோடு முடிவதில்லை.

புரோக்கர்கள், ஷிப்பிங் லைன்கள், ஃபார்வர்டர்கள் ஒரு பக்கம், ஏஸ் மறுபக்கம். நடுவே கேட்வே வைத்து நடத்தும் டீம்களுக்கான குறிப்பு இது. இந்த வேலையில் அதிகம் தவறுவது ஒரே இடத்தில்தான்: பார்ட்னரிடம் "நீங்கள் எந்த வெர்ஷன்?" என்று மெயிலில் கேட்பது. வரும் பதிலை நம்ப முடியாது. பதில் எழுதுபவர் ஆபரேஷன்ஸ்காரர், தன் பிரவுசரைப் பார்த்து "1.2 இருக்கிறது" என்பார். செய்தி அனுப்புவதோ மூலையில் ஓடும் விண்டோஸ் 2008 ஆர்2 சர்வர். எனவே அவர்களைக் கேட்காமல் ஹேண்ட்ஷேக்கை, அதாவது இணைப்பு தொடங்கும்போது இரண்டு முனையும் வெர்ஷனைப் பேசி முடிக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

எது பழசு

டிஎல்எஸ் 1.0 வந்தது 1999-ல், 1.1 வந்தது 2006-ல். இரண்டையும் 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தர ஆவணம் முறைப்படி ஓய்வுக்கு அனுப்பியது. 2008-ல் வந்த 1.2-ம் 2018-ல் வந்த 1.3-ம்தான் இன்று நிற்கின்றன. அமெரிக்க அரசு சர்வர்களுக்கான, அந்நாட்டுத் தர நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டி 800-52-ன் இரண்டாம் திருத்தம், 2024 ஜனவரி 1-க்குள் 1.3-க்கும் ஆதரவு இருக்க வேண்டும் என்றது. விபிஎன் பக்கம் ஐகேஇ (டனலுக்கான சாவிகளைப் பேசி முடிக்கும் முறை) முதல் பதிப்பை 2023 ஏப்ரலில் ஆர்எஃப்சி 9395 கைவிட்டது. டிரிபிள் டெஸ் என்ற பழைய குறியாக்கம் 2023 முடிவோடு நிஸ்ட்டின் அனுமதிப் பட்டியலிலிருந்து போய்விட்டது. பார்ட்னர் "ஏன் இப்போது?" என்று கேட்டால் சொல்ல இவ்வளவு போதும்.

முதலில் கணக்கெடுப்பு

லாக் குறைந்தது 35 நாள் ஓடட்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு பட்டியல் போட்டால், மாதம் ஒருமுறை மட்டும் வரும் இணைப்புகள் விட்டுப்போகும். தீர்வையை மாதாந்திர ஸ்டேட்மென்ட்டாகக் கட்டுபவர்களுக்கு 15-ஆவது வேலைநாள்தான் கெடு. அந்த வேலைக்கென்றே தனி சர்வர் வைத்திருப்பவர்கள் உண்டு. பேக்கப் தளத்தின் இணைப்பு அதைவிட மோசம், டிரில் நடக்கும் நாளில்தான் தலைகாட்டும். அதை மட்டும் பார்ட்னரிடம் கேட்டுத்தான் பட்டியலில் சேர்க்க முடியும்.

ஹெச்டிடிபிஎஸ், ஏஎஸ்2 (வணிக ஆவணங்களை இணையத்தில் அனுப்பும் முறை) இணைப்புகளுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால், லாக் வடிவத்தில் எஸ்எஸ்எல் ப்ரோட்டோகால், எஸ்எஸ்எல் சைஃபர் என்ற இரண்டு மாறிகளைச் சேர்த்தால் போதும். சைஃபரை, அதாவது எந்தக் குறியாக்கம் பயன்பட்டது என்பதை விடாதீர்கள், பின்னால் தேவைப்படும். லாக்கில் அந்த வசதி இல்லாத பழைய கேட்வே என்றால் பாக்கெட் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டில் ஒரு பொறி இருக்கிறது. கிளையண்ட் அனுப்பும் முதல் செய்தியான கிளையண்ட்ஹலோவின் ரெக்கார்டு தலைப்பில் 03 01 என்று இருக்கும். அது டிஎல்எஸ் 1.0-வின் எண். உடனே "பழசு" என்று குறித்துவிடாதீர்கள். பழைய சர்வர்கள் மிரளாமல் இருக்க, 1.2 பேசும் கிளையண்டுகளும் வெளித்தலைப்பில் 03 01 போடுவது வழக்கம். உள்ளே இருக்கும் கிளையண்ட் வெர்ஷன் 03 03 என்றால் 1.2 தெரியும் என்று அர்த்தம். 1.3 தெரிந்த கிளையண்டும் அங்கே 03 03 என்றே எழுதும். 03 04 என்பது "ஆதரிக்கும் வெர்ஷன்கள்" என்ற நீட்டிப்புக்குள் ஒளிந்திருக்கும். ரெக்கார்டு தலைப்பை மட்டும் வடிகட்டி எண்ணினால் நல்ல பார்ட்னர்களும் குற்றவாளிப் பட்டியலில் வந்து நிற்பார்கள்.

சர்வர் என்ன தேர்ந்தெடுத்தது என்பது சர்வர்ஹலோவில் இருக்கும். ஆனால் அதை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். உங்கள் கேட்வேயே 1.0 வரைதான் பேசும் என்றால் எல்லோரும் 1.0-வில்தான் முடிவார்கள். கிளையண்ட் எதுவரை ஏறத் தயார், கடைசியில் எதில் முடிந்தது என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள். முதல் பத்தியில் 1.2, இரண்டாவதில் 1.0 என்றால் கோளாறு நம் பக்கம்.

ஐபி முகவரியை பார்ட்னர் பெயரோடு இணைப்பதில் நேரம் போகும். ஒரே நாட் (பலர் பகிரும்) முகவரிக்குப் பின்னால் மூன்று புரோக்கர்கள் இருப்பார்கள், ஒரே புரோக்கருக்கு நான்கு முகவரிகள் இருக்கும். ஏஎஸ்2 அடையாளம், எம்கியூ (ஐபிஎம்மின் செய்தி வரிசை மென்பொருள்) சேனல் பெயர், எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) பயனர்பெயர், சுங்கம் தந்த ஃபைலர் கோடு ஆகியவற்றை வைத்துப் பொருத்துங்கள். ஐபி-யை மட்டும் நம்பாதீர்கள்.

மெயிலில் என்ன எழுதுவது

"பாதுகாப்பை மேம்படுத்துகிறோம், டிஎல்எஸ் 1.2-க்கு மாறவும்" என்ற பொது அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. இப்படி எழுதினால் படிப்பார்கள்: "உங்கள் ஏஎஸ்2 அடையாளத்திலிருந்து இந்த முகவரி வழியாக கடந்த 35 நாளில் 412 இணைப்புகள் வந்தன. 412-ம் டிஎல்எஸ் 1.0. கடைசியாக வந்தது நேற்று கிழக்கு நேரம் மாலை 4:10. உங்கள் மற்றொரு முகவரி சரியாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்." எண்கள் உதாரணத்துக்குத்தான். தன் சர்வரைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்று மெயிலில் இருந்தால் ஐடி ஆள் எழுந்து உட்காருவார். கடைசி வரி முக்கியம், அது இல்லாவிட்டால் நன்றாக ஓடுவதையும் சேர்த்து மாற்றி உடைப்பார்கள்.

பிளாட்ஃபார்ம் வாரியாக

விண்டோஸ் 2008 ஆர்2-விலும் 2012-லும் 1.2 உள்ளே இருக்கிறது, ஆனால் வின்ஹெச்டிடிபி என்ற விண்டோஸ் நூலகம் வழியாகப் போகும் நிரல்கள் இயல்பாக அதைத் தொடாது. மைக்ரோசாஃப்டின் கேபி3140245 அப்டேட்டைப் போட்டு, ரெஜிஸ்ட்ரியில் இயல்புப் ப்ரோட்டோகால் மதிப்பையும் வைக்க வேண்டும். 1.2 மட்டும் போதும் என்றால் பதினறும எண்ணில் 800. அப்டேட் மட்டும் போட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரியை மறப்பதுதான் வழக்கமாக நடப்பது.

மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் தனிக் கதை. 4.5-ல் எழுதிய நிரலுக்கு 1.2 தெரியும், ஆனால் சொல்லாவிட்டால் 1.0-வில்தான் போகும். சோர்ஸ் கோடு கையில் இல்லாத பழைய நிரலை, ரெஜிஸ்ட்ரியின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.0.30319 கிளையில் "வலுவான குறியாக்கம்", "சிஸ்டத்தின் இயல்பு டிஎல்எஸ்" என்ற இரண்டு மதிப்புகளையும் 1 ஆக்கி நகர்த்தலாம். நிரல் 32-பிட் என்றால் அதே இரண்டையும் வாவ்6432நோடு கிளையிலும் எழுத வேண்டும். "எல்லாம் செய்தோம், மாறவில்லை" என்று வரும் அழைப்புகளில் நாம் முதலில் கேட்க வேண்டியது இந்த 32-பிட் கேள்வியைத்தான்.

அடுத்தது 2012 ஆர்2. 1.2 இயல்பாகவே ஓடும், பார்ட்னரின் சோதனையும் பச்சை காட்டும். நம் சர்வரில் ஆர்எஸ்ஏ சான்றிதழை வைத்து, இசிடிஹெச்இ-ஆர்எஸ்ஏ வகை ஜிசிஎம் சைஃபர்களை (முன்பாதி சாவிப் பரிமாற்றமும் சான்றிதழ் வகையும்; ஜிசிஎம், சிபிசி தரவைப் பூட்டும் விதங்கள்) மட்டும் அனுமதித்தால் ஹேண்ட்ஷேக் விழும். அந்த விண்டோஸில் இந்தக் கூட்டணியே கிடையாது. இசிடிஹெச்இ-ஆர்எஸ்ஏ அதில் சிபிசி-யோடுதான் வரும், ஜிசிஎம் வேண்டுமென்றால் டிஹெச்இ-ஆர்எஸ்ஏ, இல்லாவிட்டால் இசிடிஎஸ்ஏ சான்றிதழ். சைஃபரையும் லாக்கில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். 1.0-வை மூடும் அதே நாளில் சைஃபர் பட்டியலையும் இறுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது உடைத்தது என்று இரவெல்லாம் தேட வேண்டியிருக்கும். நடுவில் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள்.

ஜாவா 7-க்கு 1.2 தெரியும், ஆனால் கிளையண்டாக இருக்கும்போது இயல்பு 1.0. ஜாவா 8-ல் இயல்பே 1.2. பழைய ஜாவா 8-லும் ஒரு முள் இருக்கிறது: 8-ன் 161-ஆவது அப்டேட்டுக்கு முந்தையவற்றில் 256-பிட் ஏஇஎஸ் வேண்டுமானால் வரம்பற்ற குறியாக்கக் கொள்கைக் கோப்புகளைத் தனியாகப் போட வேண்டும். போடாதவர்களுக்கு வெர்ஷன் சரியாக இருந்தும் ஹேண்ட்ஷேக் தோல்வி வரும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 2021 ஏப்ரலில் வந்த ஜாவா அப்டேட்டுகள் 1.0, 1.1 இரண்டையும் தாமாகவே மூடிவிட்டன. பார்ட்னர் ஜாவாவை அப்டேட் செய்தபோது நம் பழைய கேட்வேயோடு இணைப்பு அறுந்து, யாரோ அந்தத் தடைப் பட்டியலைத் திருத்திப் பழசைத் திறந்து வைத்திருப்பார். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லினக்ஸில் பார்க்க வேண்டியது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் ஒன்றுதான். 0.9.8, 1.0.0 என்றால் 1.2 கிடையாது, எந்த செட்டிங்கும் உதவாது. 1.0.1-லிருந்து உண்டு. 1.3 வேண்டுமென்றால் 1.1.1. நிரலை மாற்றவே முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு இடைக்கால வழி ஸ்டன்னல் என்ற இடைநிலை மென்பொருள்: பழைய நிரல் அதே கணினியின் 127.0.0.1 முகவரிக்குப் பேசும், அங்கிருந்து ஸ்டன்னல் 1.2-ல் நம்மிடம் வரும். ஸ்டன்னலை வேறு கணினியில் வைத்தால் நடுவில் இருக்கும் கம்பியில் தரவு திறந்து ஓடும், அதை அனுமதிக்காதீர்கள்.

எஸ்எஃப்டிபி-க்கும் டிஎல்எஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதே அறிவிப்பில் அதுவும் வந்து சேரும். எஸ்எஃப்டிபி-க்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் 2021-ல் வந்த 8.8 பதிப்பு, எஸ்ஹெச்ஏ-1 கொண்ட பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக மூடியது. உடனே பார்ட்னர்கள் சாவியைப் புதிதாக உருவாக்கி அனுப்புவார்கள். அவசியமில்லை. அதே ஆர்எஸ்ஏ சாவியை எஸ்ஹெச்ஏ-256 கையொப்பத்தோடு பயன்படுத்தலாம், மாற வேண்டியது மென்பொருள்தான். 1024-பிட் சாவி என்றால் மட்டும் புதுசு வாங்குங்கள்.

எம்கியூ சேனல்

அதிகம் கவனம் கேட்பது இது. ஐபிஎம் எம்கியூ-வில் வெர்ஷனைத் தனியாகச் சொல்லும் இடம் கிடையாது. சேனலின் சைஃபர்ஸ்பெக் பெயரே வெர்ஷனைத் தீர்மானிக்கும். எஸ்ஹெச்ஏ என்று மட்டும் முடியும் ஏஇஎஸ்-சிபிசி பெயர்கள் டிஎல்எஸ் 1.0, எஸ்ஹெச்ஏ256, எஸ்ஹெச்ஏ384 என்று முடிபவை 1.2. பெயர் இரண்டு முனையிலும் பொருந்த வேண்டும் என்பதால், ஒரு முனையை மட்டும் மாற்றினால் சேனல் அடுத்த முறை தொடங்கும்போது கிளம்பாமல் ஏஎம்கியூ9631 பிழை வரும். எம்கியூ 9.2 போன்ற புதியவற்றில் "எந்த 1.2-ம், அதற்கு மேலும்" என்ற பொதுப் பெயர் இருக்கிறது. நம் முனையில் அதை வைத்தால் அடுத்த முறை இந்த அவஸ்தை குறையும்.

ஓடும் சேனலைத் திருத்தாதீர்கள். புதுப் பெயரில் இன்னொன்று செய்யுங்கள். பெயர் 20 எழுத்துக்குள், இரண்டு முனையிலும் ஒன்றாக. பிறகு மாற்றும் வரிசை இதுதான்:

1. புது ரிசீவர் சேனலை முதலில் உருவாக்குங்கள், பிறகு அனுப்பும் முனையில் சென்டர். சான்றிதழ் சேமிப்பில் எதையாவது மாற்றியிருந்தால் எஸ்எஸ்எல் பாதுகாப்பை ரிஃப்ரெஷ் செய்யும் கட்டளையைக் கொடுங்கள். அது ஓடும் டிஎல்எஸ் சேனல்களையும் நிறுத்தித் தொடங்கும், அதனால் நேரம் பார்த்துக் கொடுங்கள்.

2. பழைய சென்டர் சேனலின் நிலையைப் பாருங்கள். இன்டவுட் என்ற புலம் "இல்லை" என்று காட்ட வேண்டும். "ஆம்" என்றால் கடைசித் தொகுதி போய்ச் சேர்ந்ததா என்று அந்த முனைக்கே தெரியாது. அதைத் தீர்க்காமல் மேலே போனால் ஒரு தாக்கல் காணாமல் போகலாம், அல்லது இரண்டு முறை போகலாம்.

3. பழைய சேனலை நிறுத்துங்கள். டிரான்ஸ்மிஷன் க்யூவை (அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் வரிசை) ஒரு நேரத்தில் ஒரு சென்டர்தான் திறக்க முடியும். பழையது பிடித்துக்கொண்டிருக்கும்வரை புதியது கிளம்பாது.

4. அந்த க்யூவின் டிரிகர் டேட்டாவில் பழைய சேனல் பெயர் எழுதியிருந்தால் புதுப் பெயரை எழுதுங்கள்.

5. புதிய சேனலைக் கிளப்பி ஒரு சோதனைச் செய்தியை அனுப்பி, பதில் க்யூவில் பதில் வந்ததை உறுதி செய்யுங்கள்.

நான்காவதைத் தாண்டிவிடுபவர்கள் பலர், ஏனென்றால் உடனே எதுவும் தெரியாது. சேனல் ஜோராக ஓடும். பிறகு போக்குவரத்து இல்லாத நேரத்தில் இயல்புத் துண்டிப்பு இடைவெளியான 6,000 நொடி, அதாவது 100 நிமிடம் கழிந்ததும் சேனல் தானாக அடங்கும். அடுத்த செய்தி வந்ததும் டிரிகர் பழைய பெயரைத் தேடி எழுப்பப் பார்க்கும், அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். க்யூ நிரம்பிக்கொண்டே போகும். காலையில் வந்து பார்த்தால் இரவுத் தாக்கல்கள் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சான்றிதழிலும் சில இடறல்கள். எம்கியூ 7.5 வரை சான்றிதழின் லேபிள் ஒரு நிலையான பெயராக, க்யூ மேனேஜர் பெயரைச் சிறிய எழுத்தில் சேர்த்து, இருக்க வேண்டும். 8.0-விலிருந்துதான் விருப்பப்பட்ட லேபிளைக் காட்ட முடியும். புதுச் சான்றிதழில் நிறுவனப் பெயரின் எழுத்து சற்று மாறியிருந்தாலும், எதிர்முனைச் சான்றிதழின் பெயரைச் சரிபார்க்கும் எஸ்எஸ்எல் பியர் வடிகட்டி சேனலில் இருந்தால் ஏஎம்கியூ9636 வரும். ஜாவா கிளையண்டை ஐபிஎம் அல்லாத ஜாவாவில் ஓட்டுபவர்களுக்கு 2400 என்ற காரண எண் வந்தால், ஐபிஎம் சைஃபர் பெயர் மாற்றத்தைப் பயன்படுத்தும் அமைப்பை "ஃபால்ஸ்" ஆக்கச் சொல்லுங்கள். பெயர்கள் வேறு வேறாக இருப்பதுதான் அங்கே வியாதி.

விபிஎன்

ஐகேஇ முதல் பதிப்பு, டிரிபிள் டெஸ், டிஹெச் (சாவிப் பரிமாற்ற) குரூப் 2 என்று இருப்பதை ஐகேஇ இரண்டாம் பதிப்பு, ஏஇஎஸ்-256, எஸ்ஹெச்ஏ-256 அல்லது மேல், குரூப் 14-க்குக் குறையாமல் (முடிந்தால் 19 அல்லது 20) என்று மாற்றுவது. இரண்டு பக்க நெட்வொர்க் ஆட்களும் ஒரே அழைப்பில் இருந்து, படிவத்தை வரி வரியாக வாசித்துச் செய்தால் அரை மணி நேர வேலை.

மாறிய பிறகு பத்து நிமிடத்தில் "சரி" என்று அழைப்பை வைக்காதீர்கள். ஐகேஇ இரண்டாம் பதிப்பில் முதல் சைல்டு எஸ்ஏ (தரவு ஓடும் உள் இணைப்பு) தனியாக டிஹெச் பரிமாற்றம் செய்யாது. பிஎஃப்எஸ் குரூப் (சாவி புதுப்பிக்கும்போது பயன்படும் டிஹெச் குரூப்) இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டாலும் டனல் எழுந்து தரவு ஓடும். முதல் ரீகீ, அதாவது சாவிப் புதுப்பிப்பு வரும்போதுதான் குட்டு உடையும். ஒரு மணி நேரமோ எட்டு மணி நேரமோ கழித்து டனல் அறுந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். சோதனைக்காகச் சாவியின் ஆயுளைத் தற்காலிகமாக 5 நிமிடமாகக் குறைத்து இரண்டு ரீகீ கடந்ததைப் பார்த்துவிட்டுப் பழைய மதிப்புக்கு வையுங்கள். சின்னச் செய்திகள் போய், பெரிய மேனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்) மட்டும் தொங்கினால் காரணம் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு. ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் வரம்பான டிசிபி எம்எஸ்எஸ்ஸை 1,350 அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

மூடும் நாள்

ஒரே நாளில் மூடாமல் ஒத்திகை மூடல்கள் வையுங்கள்: முதலில் 15 நிமிடம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம். எல்லாம் அமெரிக்கக் கிழக்கு நேரம் செவ்வாய் அல்லது புதன் முற்பகலில். வெள்ளி மாலை கூடாது. ஆசியாவில் வார இறுதியில் ஏறும் கப்பல்களின் 24 மணி நேரக் கெடு அங்கேதான் வந்து முட்டும். அமெரிக்க நள்ளிரவும் கூடாது. நமக்குப் பகல்தான், ஆனால் பார்ட்னரின் ஐடி ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், உடைந்தது காலைவரை தெரியாது.

ஒத்திகைக்கு முன்பே பார்ட்னர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதில் வரவில்லை என்றால் அதே ஐஎஸ்எஃப்-ஐ மறுபடி "சேர்" குறியீட்டோடு தட்டிவிடாதீர்கள். முதல் தாக்கல் ஏஸில் ஏறியிருந்து பதில் மட்டும் நடுவில் நின்றிருக்கலாம். இரண்டாவது டூப்ளிகேட் என்று திரும்பி வரும், அதைத் தோல்வி என்று எண்ணி அழித்துவிட்டுத் திரும்பப் போடுபவர்களும் உண்டு, அப்போது தாக்கல் நேரமே பின்னால் தள்ளிப்போகும். முதலில் நிலையைக் கேட்டுப் பாருங்கள், பிறகு அனுப்புங்கள்.

கடைசி நாளிலும் மாறாத ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்காகப் பொதுக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். தனிப் போர்ட், அவர்களுடைய ஐபி மட்டும், முடிவுத் தேதி எழுதிய ஃபயர்வால் விதி. தேதி வந்ததும் விதி தானாகச் சாக வேண்டும், யாரோ ஞாபகம் வைத்து அழிப்பார் என்று விடக்கூடாது.

மூடிய பிறகு இரண்டு வாரம் நிராகரிக்கப்பட்ட ஹேண்ட்ஷேக்குகளைப் பாருங்கள். பட்டியலில் இல்லாத முகவரி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தால், அது யாரோ மறந்துபோன ஷெட்யூல் வேலை. எம்கியூ-வில் பலவீனமான சைஃபர்களை அனுமதிக்கும் சுற்றுச்சூழல் மாறியை இடையில் யாராவது வைத்திருந்தால் அதையும் எடுங்கள். அப்படியே நம் சொந்த பேக்கப் சர்வரின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். மாற்றம் முழுவதும் பிரதான சர்வரில்தான் நடந்திருக்கும், அங்கே இன்னும் 1.0 திறந்தே கிடக்கும்.